கடை யாருடையது?

மான்செஸ்டரில் வேலை பார்த்த நாட்களில் எங்கள் டீமில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய உள்ளூர்க்காரர் ஒருவர் இருந்தார். மதியச் சாப்பாட்டு மேஜையில் ஒருநாள் என்னிடம், "உங்க ஊர் பீர் எது?" என்று கேட்டார். உங்க ஊர்ல என்ன விசேஷம் என்று நாம் விசாரிப்போமே, அந்தத் தொனிதான். சேலத்துக்காரனிடம் அப்படிக் கேட்டால் மாம்பழம், ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு, இரும்பாலை, சாயங்காலமானால் தட்டுவடை செட்டு என்று வரிசையாகச் சொல்வான். பீர் மட்டும் அந்த வரிசையில் இல்லை. "எங்க ஊர் மதுவிலக்குக்குப் பேர் போனது" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று, மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்து, சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். தனக்குத் தெரிந்த ஊரிலேயே சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்தடுத்த ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வடஆற்காடு என்று போனார்.

அந்தப் பெரியவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவர் தன் ஊர் பீரைப் பறிகொடுத்தவர். அதைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது. எனக்கு அப்போது உள்ளூர எரிச்சல்தான். கம்பெனி கைமாறியது, ஆலையை மூடினார்கள், இதில் கண்கலங்க என்ன இருக்கிறது? நம் பக்கம் மூடாத மில்லா? "மில்லு மூடிட்டாங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவர்கள் நாம். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. இந்த ஊருக்கென்று ஒரு சரக்கு இருந்ததா, இருந்தால் அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது?

ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆலை

முதலில் அவருடைய கதை. மான்செஸ்டரில் பெரிய சிறைச்சாலை இருக்கிற ஸ்ட்ரேஞ்ச்வேஸ் பகுதியில் 1778இல் தொடங்கிய பீர் ஆலை அது. அடுத்த நூற்றாண்டில் பாடிங்டன் குடும்பத்தின் கைக்கு வந்து, பாடிங்டன்ஸ் என்ற பேரிலேயே நிலைத்தது. வைக்கோல் நிறம், நாக்கில் நிற்கும் கசப்பு. 1940 டிசம்பரில் ஜெர்மன் விமானங்கள் மான்செஸ்டரைக் குண்டு போட்டுக் கொளுத்தியபோது ஆலையும் அடிவாங்கியது, மீண்டும் எழுந்தது. 1970 வாக்கில் அலைட் ப்ரூவரிஸ் என்ற பெரும் நிறுவனம் பங்குகளை வாங்கி ஆலையை விழுங்கப் பார்த்தது. குடும்பம் மல்லுக்கு நின்றது. அப்போது தோள் கொடுத்தது விட்பிரெட் என்ற இன்னொரு பெரிய நிறுவனம். தானும் கொஞ்சம் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு அலைட்டை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டது. பிறகு 1989இல் ஆலையை வாங்கியவர்களும் அதே விட்பிரெட்தான். விலை ஐந்து கோடிப் பவுண்டுக்குச் சற்று மேல்.

இதற்குப் பிறகு நடந்தது வீழ்ச்சி என்று நீங்கள் நினைத்தால் இல்லை. தொண்ணூறுகளில்தான் பாடிங்டன்ஸ் உச்சத்துக்குப் போனது. கேனைத் திறந்தால் ஆடை கட்டியது மாதிரி நுரை நிற்கும். 'மான்செஸ்டரின் கிரீம்' என்று விளம்பரம் செய்து நாடு முழுக்க விற்றார்கள், வெளிநாட்டுக்கும் அனுப்பினார்கள். ஊர் பேரைச் சொல்லி விற்ற காலத்தில்தான் அதற்கு ஊர் தேவையில்லாமல் போனது. 2000ஆம் ஆண்டில் விட்பிரெட் தன் பீர் தொழிலை மொத்தமாக பெல்ஜியத்தின் இண்டர்ப்ரூவுக்கு விற்றது. வேறு இடங்களில் பெரிய ஆலைகள் வைத்திருந்தவர்களுக்கு ஒரு நகரத்தின் நடுவே பழைய கட்டடம் எதற்கு? 2005இல் மூடினார்கள். 2007இல் இடித்தார்கள். வெகுகாலம் கார் நிறுத்துமிடமாகக் கிடந்து, இப்போது அங்கே ஒரு கல்லூரி எழும்பியிருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. கேனில் போகிற பீர், நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டைச் சூடாக்கிக் கொன்ற பீர். அதை எங்கே வேண்டுமானாலும் காய்ச்சலாம், எத்தனை மைல் வேண்டுமானாலும் ஏற்றிப் போகலாம். ஆகவே அது வேறு ஊர்களுக்குப் போய்விட்டது. ஆனால் பப்களில் பீப்பாயிலிருந்து நேராக இறக்கும் 'காஸ்க்' பீரில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், பீப்பாய்க்குள்ளேயே நொதித்துக்கொண்டிருக்கும். அது அதிகம் அலைய முடியாது. அதனால் அந்தப் பங்கு மட்டும் மான்செஸ்டரிலேயே ஹைட்ஸ் என்கிற சிறு ஆலையில், 2012 வரை, வாடகைக்குக் குடியிருந்ததுபோல ஓடிக்கொண்டிருந்தது. உயிருள்ளது கடைசிவரை ஊரைவிட்டுப் போகவில்லை.

கலயத்துச் சரக்கு

ஏற்காடு அடிவாரத்திலிருந்து ஓமலூர், எடப்பாடி வரைக்கும் இந்த மண்ணுக்கென்று இருந்த சரக்கு எதுவென்று தேடினால் பதில் மரத்தின் மேல்தான் இருக்கிறது. தென்னம்பாளையைக் கட்டி, நாள்தோறும் தட்டிப் பதமாக்கி, நுனியைச் சீவிக் கலயத்தை மாட்டிவிட்டால் சொட்டுச் சொட்டாக இறங்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தால் இனிப்பாகவே இருக்கும். பூசாமல் விட்டால் காற்றிலிருக்கும் ஈஸ்ட்டே வேலையைத் தொடங்கிவிடும், அதுதான் கள். காலையில் இனிப்பு, மதியம் ஏறக்குறைய பீரின் போதை, மறுநாள் புளிப்பு, அதற்கப்புறம் காடி. பார்லி வேண்டாம், காய்ச்ச வேண்டாம், ஆலை வேண்டாம். மாட்டுவண்டி அரைநாளில் போகும் தூரம்தான் அதன் எல்லை. ஓர் ஊரின் சரக்கு என்று சொல்ல இதைவிடப் பொருத்தமானது உலகத்திலேயே கிடையாது என்று எனக்கு அப்போது தோன்றியது.

சேலத்துக்கும் கள்ளுக்கும் உள்ள கணக்கு 1937க்கு முந்தியது. காங்கிரஸின் கள்ளுக்கடை மறியல் காலத்தில், 1921 வாக்கில், பெரியார் தன் தோப்பிலிருந்த 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தாரே, அந்தத் தோப்பு இருந்தது சேலம் தாதம்பட்டியில். ஈரோட்டில் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மரத்தை வெட்டினால் கள் நிற்கும் என்பது எளிமையான கணக்கு. ராஜாஜியின் கணக்கு வேறு மாதிரி. கடையைச் சட்டத்தால் மூடினார். கலால் வருமானம் போகிறதே என்றதற்கு 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். போர்க்காலத்தில் வெள்ளை அரசு மதுவிலக்கை நிறுத்தியது, 1948இல் மாகாணம் முழுக்கத் திரும்ப வந்தது, 1971இல் கலைஞர் தளர்த்தினார், 1974க்குள் மறுபடி மூடினார், 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1987இல் கள்ளுக்குத் தடை வந்தது. இத்தனை ஏற்ற இறக்கத்திலும் ஒருநாள்கூட நிற்காமல் ஓடியது, மதுவிலக்கின் நட்டத்தை ஈடுகட்ட வந்த அந்த விற்பனை வரிதான்.

எங்கள் ஆயாவுக்கு ராஜாஜியைப் பிடிக்கும். அவர் அரசியலோ எழுத்தோ ஆயாவுக்குத் தெரியாது. கடையை மூடினார், சனிக்கிழமைக் கூலி முழுசாக வீடு வந்தது, அவ்வளவுதான். கள்ளைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இந்த ஆயாக்களை மறந்துவிடுகிறார்கள். மரபு, இயற்கை உணவு, மண்ணின் பானம் என்றெல்லாம் வரிசை கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும். அதற்காக, கள் என்ற பேரைக் கேட்டதும் முகம் சுளித்துவிட்டு, ஏற்காட்டு விடுதியில் பீரைத் திறக்கிறவர்களோடும் என்னால் சேர முடியவில்லை.

ஏலம்

ஓமலூர்ப் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்குத் தென்னந்தோப்பு உண்டு. எண்பது தாண்டியும் வாய்க்கால் வரப்பில் நடக்கிற ஆள். 1981இலிருந்து தடை வரும்வரை மரங்களைக் கள்ளுக்கு விட்டவர். அவரைக் கேட்டால் நல்ல கதை கிடைக்கும் என்றுதான் போனேன். மோட்டார் கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து, "நம்ம ஊரு கள்ளு எப்படிப் பெரியப்பா இருக்கும்?" என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"நம்ம ஊரு கள்ளா? மரம் நம்மளுது, சரி. ஏறுனவன் பக்கத்து ஊர்க்காரன், அதுவும் சரி. கடை எவன்து?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"ஏலம் எடுத்தவன்து. அவன் மூஞ்சியவே நாங்க பாத்ததில்ல. ஆளுங்கதான் வருவானுங்க."

அவர் சொன்னதைக் கோர்வையாக எழுதினால் இப்படி வரும். அரசு ஆண்டுதோறும் கடையை ஏலம் விடும். அதிகம் கேட்டவனுக்கு அந்த வட்டாரத்தின் உரிமை முழுக்கப் போகும். மரம் வைத்திருப்பவர் அவனுக்குத்தான் மரத்தை விட வேண்டும், ஏறுகிறவர் இறக்கியதை அவன் கடையில்தான் ஊற்ற வேண்டும், அவன் சொல்வதுதான் விலை. மரத்தடியில் தெரிந்தவருக்கு ஒரு சொம்பு கொடுத்தாலும் அது திருட்டுக் கள். போலீஸ் வருவதற்கு முன்னால் குத்தகைக்காரரின் ஆட்கள் வந்துவிடுவார்கள். ஏறுகிறவர் மழையிலும் வெயிலிலும் வேளை தவறாமல் மரத்தில் ஏறி இறங்குவார். இடுப்பு போனாலும் கேட்க நாதியில்லை. பணம் சேர்ந்த இடம் வேறு.

"ஒரு வருசத்துக்குத்தான் கடை. போட்ட காச அந்த ஒரு வருசத்துல எடுத்தாவணும். அவனுக்கு மரத்து மேலயும் அக்கற இல்ல, குடிக்கிறவன் மேலயும் அக்கற இல்ல. தண்ணிய ஊத்துனானுங்க. தண்ணி ஊத்துனா போத கொறையும். அதுக்கு இன்னொண்ண ஊத்துனானுங்க. நம்ம மரத்துல எறங்குன கள்ள நானே அங்க வாங்கிக் குடிக்க மாட்டேன்." பிறகு சாவகாசமாக, "எம்.ஜி.ஆர். தடை போட்டப்ப எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. மரத்தத் தேங்காய்க்கு விட்டுட்டேன்" என்றார்.

ஏதோ பொன்னான காலத்தைக் கேட்கப் போனவனுக்கு இது போதுமானதாக இருந்தது. சரக்கு ஊருடையதாக இருந்தது உண்மை. கடை ஒருநாளும் ஊருடையதாக இருந்ததில்லை. அது 1937க்கு முன்பும் அப்படித்தான். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து அப்காரி என்ற மதுவரி முறையின் அடிப்படையே கடையை ஏலம் விட்டு வருமானம் பார்ப்பது. மரத்திலிருந்து வாய்வரை உள்ள தூரத்தில் எந்த இடத்தில் சுங்கச்சாவடி வைத்தால் எல்லாரும் அதைத் தாண்டியே ஆக வேண்டும் என்று பார்த்து, சரியாகக் கடை வாசலில் வைத்தார்கள்.

அன்றைக்குத் திரும்பி வரும் வழியில், தாரமங்கலம் பஸ்ஸில் நின்றபடிதான் மான்செஸ்டர்காரர் போகிறபோக்கில் சொன்ன ஒரு தகவல் நினைவுக்கு வந்து உறைத்தது. 1989இல் பாடிங்டன் நிறுவனம் விட்பிரெட்டுக்கு விற்றது ஆலையையும் பீரையும் மட்டும். பப்களை விற்கவில்லை. 200 வருஷத்து ஆலையைக் கொடுத்துவிட்டுக் கடைகளைக் கையில் வைத்துக்கொண்டார்கள். அங்கே பப்கள் வெகுகாலமாக ஏதாவதோர் ஆலைக்குக் கட்டுப்பட்டவை. அந்த ஆலையின் பீரைத்தான் விற்க வேண்டும். அதே 1989இல் பிரிட்டிஷ் அரசு, 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் பெரிய ஆலைகளின் பிடியைத் தளர்த்தச் சட்டம் போட்டது. ஆலைக்காரர் கையிலிருந்த பப்கள் நழுவி, காய்ச்சும் வேலையே செய்யாத, கடைகளை மட்டுமே வைத்திருக்கும் நிறுவனங்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைக் குடும்பம் முன்கூட்டியே மோப்பம் பிடித்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. பிற்பாடு 1995இல் அந்தப் பப்களையும் கிரீனால்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறினார்கள். ஊர் ஆலைக்காக அழுதது. முதலாளி கடையைக் கணக்குப் பார்த்தார்.

ஆகவே பீர் ஆலை யார் கைக்குப் போனது என்ற கேள்வியே பாதிக் கேள்விதான். காய்ச்சுகிறவன் கைமாறிக்கொண்டே இருப்பான். கடை யார் கையில் என்று கேட்டால்தான் மீதிப் பாதி வெளியே வரும்.

ஒரே கடைக்காரர்

நம் ஊரில் அந்தக் கேள்விக்குச் சந்தேகமே இல்லாத பதில் இருக்கிறது. டாஸ்மாக் 1983இல் வந்தது, மொத்த வியாபாரத்துக்கு. 2003இல் அதுவரை தனியாரிடம் இருந்த சில்லறைக் கடைகளும் அதனிடமே வந்தன. 2023இல் 500 கடைகளை மூடிய பிறகும் 4,829 கடைகள். 2023-24இல் அரசுக்குக் கிடைத்தது 45,855 கோடி ரூபாய். இந்த மாநிலத்தில் பீர் காய்ச்சுகிற எவருக்கும் வாடிக்கையாளர் ஒரே ஒருவர். அவர் இந்த மாதம் எத்தனை பெட்டி எடுக்கிறார் என்பதில்தான் ஆலையின் வாழ்வும் சாவும். குடிக்கிறவன் நாக்கு இந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஐந்து ரோடு பக்கம் கடை வரிசையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், பேர் சொல்லிக் கேட்கிறவரைவிட "கூலிங் எது இருக்கோ குடுங்க" என்கிறவர்தான் அதிகம். இப்படிப்பட்ட இடத்தில் எந்த ஆலை மூடினாலும் யார் அழப்போகிறார்கள்? கசப்பு குறைந்துவிட்டது என்று குறை சொல்லவும் ஓர் ஊர் வேண்டுமே. மான்செஸ்டரில் எண்பதுகளிலேயே அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள்.

நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கிற பெங்களூரின் கதையும் கிட்டத்தட்ட ஆலையின் கதைதான். 1915இல் நீலகிரி, பெங்களூர் என்று சிதறிக் கிடந்த சிறு ஆலைகளை ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இணைத்து யுனைடெட் ப்ரூவரிஸ் ஆக்கினார். சுதந்திரத்தை ஒட்டி விட்டல் மல்லையா கைக்கு வந்தது. மகன் காலத்தில் கிங்ஃபிஷர் விமானம் ஏறி இறங்கிய கதை எல்லாருக்கும் தெரியும். 2021இல் நெதர்லாந்து பீர் நிறுவனமான ஹைனெக்கென் பெரும்பான்மைப் பங்கைப் பிடித்துவிட்டது. நெதர்லாந்துக்காரர் வந்ததால் சேலத்து டாஸ்மாக்கில் ஒரு பாட்டில்கூட இடம் மாறவில்லை. அங்கே அடுக்கி வைப்பவர் மாறவில்லையே.

கள்ளுக்கு விடுதலை வேண்டும் என்று கொங்குப் பக்கத்து விவசாயிகள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எடப்பாடிக்காரர் முதலமைச்சராக இருந்த 2017இல் கள்ளுக்குப் பதில் நீரா வந்தது. நொதிக்காமல் குளிரில் வைத்து விற்கும் இனிப்புச் சாறு. உரிமம் தனி விவசாயிக்கு இல்லை, உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு. இறக்கிய நிமிடத்திலிருந்து ஐஸ் பெட்டி, பிறகு குளிர்பதனம், பிறகு பாட்டில். கேனில் அடைத்த பாடிங்டன்ஸ் மாதிரி இதற்கும் உயிரை நிறுத்தி வைத்தால்தான் பயணம். அந்தச் செலவுக்கு எல்லாத் தோப்புக்காரராலும் ஈடுகொடுக்க முடிவதில்லை.

கேரளத்தில் கள்ளுக்கடை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்புகளிலிருந்து விடியலில் வண்டி வண்டியாகக் கள் வேறு மாவட்டக் கடைகளுக்குப் போகிறது. அங்கும் கடைக்கு உரிமம் எடுத்தவர் வேறு, மரம் வைத்திருப்பவர் வேறு. கலப்படப் புகாரும் ஓயாமல் வருகிறது. அதனால் தடையை நீக்கு என்ற கோஷத்தை மட்டும் கேட்டால் எனக்குத் தலையாட்டத் தோன்றவில்லை. நீக்கிய மறுநாள் கடையை ஏலம் விட்டால், பெரியப்பா சொன்ன 1981 திரும்ப வரும், ஆயா சொன்ன சனிக்கிழமையும் திரும்ப வரும். டாஸ்மாக்கே வாங்கி விற்றால் அது இன்னொரு பாட்டில். மரம் வைத்திருப்பவரும் ஏறுகிறவரும் அன்றன்றைக்கு இறக்கியதை மரத்தடியிலேயே, பொழுது சாய்வதற்குள், அளவோடு விற்கலாம் என்று விட்டால் நான் ஆதரிப்பேன். அதில் அரசுக்கு வரி வசூலிக்க ஒரு வாசல் கிடைக்காது என்பதால் நடக்கும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை.

போன பொங்கலுக்குப் போனபோது இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். மரத்தடி விற்பனை என்றால் தோப்பில் பாதியை விடத் தயார் என்றார். ஏறுவதற்கு ஆள் எங்கே என்றேன். ஏறத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் சேலத்து ஜவுளிக்கடைகளிலும் ஓசூர்க் கம்பெனிகளிலும் இருக்கிறார்கள். தேங்காய் பறிக்கவே மரத்துக்கு இவ்வளவு என்று பேசி வெளியாள் வருகிறது. அந்தப் பறிகாரர்களில் பாளை சீவத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று அடுத்த வெட்டுக்கு வரும்போது விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். பங்கு எப்படிப் பிரிப்பது என்று நான் கேட்காமலே விரல் மடக்கிக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்: மரத்துக்கு ஒன்று, ஏறுகிறவனுக்கு இரண்டு.